விதியை எழுதிய கழகம்: ஷெஃபீல்டு கால்பந்துக் கழகத்தின் வரலாறு

இங்கிலாந்துக் கால்பந்து ஓர் அடுக்குமுறையில் அமைந்தது. அதன் உச்சியில் பிரீமியர் லீக்கின் 20 கழகங்களும், அடுத்த மூன்று பிரிவுகளில் இங்கிலிஷ் ஃபுட்பால் லீக்கின் 72 கழகங்களும் இடம்பெற, இந்த 92 கழகங்களுக்குக் கீழே ஊர்தோறும் இயங்கும் ஏராளமான சிறு கழகங்கள் அனைத்தும் 'நான்-லீக்' என்னும் பொதுப்பெயரால் குறிக்கப்படுகின்றன. அவையும் தமக்கெனப் பல லீக்குகளில் ஆடி, ஆண்டிறுதி நிலைக்கேற்ப அடுக்குகளில் ஏறியும் இறங்கியும் வருபவைதாம். 1888இல் 12 கழகங்கள் கூடித் தொடங்கிய பழைய ஃபுட்பால் லீக்கின் வட்டத்துக்கு வெளியே நிற்பவை என்ற அளவில் அப்பெயர் அவற்றுக்கு நிலைத்தது. அக்கழகங்களின் கீழ் அடுக்குகளில் ஆடுவோர் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். பார்வையாளர்கள் பெரும்பாலும் சில நூறு பேர். வரவுசெலவைத் தாங்கி நிற்பவர்கள் ஊதியம் பெறாத உள்ளூர்க்காரர்கள். இவற்றுள் ஒன்றான ஷெஃபீல்டு கால்பந்துக் கழகம் 1857 அக்டோபர் 24 அன்று தோன்றியது. இன்று இயங்கிவரும் கால்பந்துக் கழகங்களுள் இதுவே உலகில் மிகப் பழையது என்று உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா ஏற்றுக்கொண்டுள்ளது. ஃப்ரீ கிக், கார்னர் கிக் முதலிய பல வழக்கங்கள் உருப்பெற்றதும் இக்கழகத்தையும் அதைச் சூழ்ந்த ஊரையும் சார்ந்தே. ஆட்டத்துக்கு விதி தந்த ஒரு கழகம் ஆட்டம் உலகளாவிய செல்வமாகப் பெருகியபோதும் சிறியதாகவே நின்றது எவ்வாறு என்ற வினாவுக்கு அதன் வரலாற்றிலேயே தெளிவான விடை இருக்கிறது.

முதன்மை உரிமை பற்றி முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1824இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜான் ஹோப் என்பவர் ஒரு பந்தாட்டக் கழகத்தை நிறுவியிருந்தார். அதன் கணக்குகளும் உறுப்பினர் பட்டியல்களும் ஆவணங்களாகக் கிடைத்துள்ளன. ஆயினும் அது 1841ஆம் ஆண்டளவில் மறைந்துவிட்டது. பல்கலைக்கழகங்களிலும் உயர்குடிப் பள்ளிகளிலும் ஷெஃபீல்டுக்கு முன்பே பந்தாட்டம் நடந்ததும் மறுக்க முடியாதது. எனவே ஷெஃபீல்டு கழகத்தின் பெருமை பந்தை முதலில் உதைத்ததில் அடங்கியதன்று. பள்ளியையோ கல்லூரியையோ சாராத ஒரு நகரத்து மக்கள் தமக்குள் கூடித் தமக்கான விதிகளை எழுதி அச்சிட்டு, அக்கூட்டத்தை அறுபடாமல் தொடர்ந்து நடத்திவருவதே அதன் தனிச்சிறப்பு.

வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த ஷெஃபீல்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கத்தி, கத்தரிக்கோல், அரம், ரம்பம் ஆகியவற்றுக்கு உலகப்புகழ் பெற்ற தொழில் நகரமாக விளங்கியது. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் மூசையில் இட்டு உருக்கும் எஃகுமுறையை அங்கு நிலைநாட்டியதும், தாமஸ் பௌல்சோவர் செம்பின் மேல் வெள்ளித் தகடு பொருத்தும் நுட்பத்தை அதே காலத்தில் கண்டறிந்ததும் நகரத்தின் பட்டறைகளைப் பெருக்கின. ஹென்றி பெசிமர் தம் புதிய எஃகு முறைக்கான ஆலையை அங்கு 1858இல் தொடங்கியபோது நகரம் இன்னும் வேகமாக வளர்ந்தது. ஆலைக்காரர்களும் வழக்கறிஞர்களும் வணிகர்களும் மருத்துவர்களும் கொண்ட ஒரு நடுத்தர வகுப்பு அந்நகரில் உருவாகியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் ஷெஃபீல்டு கல்லூரிப்பள்ளி எனப்பட்ட தனியார் பள்ளியில் பயின்றவர்கள். கோடையில் கிரிக்கெட் ஆடியவர்கள். 1855இல் பிரமால் லேன் என்னும் இடத்தில் திறக்கப்பட்ட பெரிய கிரிக்கெட் மைதானம் அவ்வகுப்பினரின் விளையாட்டு ஆர்வத்துக்குச் சான்று. குளிர்காலம் வந்தால் கிரிக்கெட் நின்றுவிடும். உடலை உரமாக வைத்திருக்க வேறொரு ஆட்டம் தேவைப்பட்டது. தெருவில் பந்தாடுவதோ 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தால் தண்டனைக்குரிய செயலாகியிருந்தது. வேலியிட்ட வயலும் எழுதிய ஒழுங்கும் உள்ள ஓர் ஆட்டத்துக்கான தேவை இச்சூழலில் எழுந்தது.

அத்தேவையை நிறைவேற்றியவர்கள் நத்தானியேல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட் என்னும் இரண்டு நண்பர்கள். கிரெஸ்விக் வெள்ளித்தகட்டுத் தொழிலில் பெயர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த வழக்கறிஞர். பிரெஸ்ட் திராட்சைமது வணிகர், தேர்ந்த கிரிக்கெட் ஆட்டக்காரர். கழகம் தொடங்கியபோது இருவருமே இருபதுகளின் நடுவில் இருந்தனர். நகரின் தென்பகுதியில் ஸ்ட்ராபெரி ஹால் லேன் என்ற தெருவையொட்டிய ஒரு வயல் அவர்களுக்கு ஆடுகளமாகவும், அதன் அருகே இருந்த செடிவளர்ப்புக் கண்ணாடிக் கொட்டகை உடைமாற்றும் அறையாகவும் அலுவலகமாகவும் பயன்பட்டன. எதிர்த்தாட வேறு கழகமே இல்லாத காலமாதலின், உறுப்பினர்கள் தமக்குள்ளேயே பிரிந்து ஆடினர்: மணமானவர்கள் ஒருபுறமும் மணமாகாதவர்கள் மறுபுறமும், அல்லது பெயரின் முதலெழுத்து அகரவரிசையின் முற்பாதியில் வருபவர்கள் ஒருபுறமும் பிற்பாதியில் வருபவர்கள் மறுபுறமுமாக ஆட்டங்கள் நடந்தன.

ஓராண்டு இவ்வாறு ஆடிய பின், 1858 அக்டோபரில் அடெல்ஃபி ஹோட்டலில் கூடிய கூட்டத்தில் கழகத்தின் விதிகள் எழுதப்பட்டன. அந்த ஹோட்டல் இருந்த இடத்தில் இன்று குரூசிபிள் நாடக அரங்கம் நிற்கிறது. ரக்பி பள்ளி 1845இலேயே தன் விதிகளை எழுதியிருந்தது; ஈட்டன் பள்ளியும் கேம்பிரிட்ஜ் மாணவர்களும் அதையடுத்த ஆண்டுகளில் எழுதியிருந்தனர். கிரெஸ்விக்கும் பிரெஸ்டும் இத்தகைய பள்ளி விதிகளைத் திரட்டி ஆராய்ந்தனர் எனினும், எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் எழுதியவை 11 விதிகள். 1859இல் அவை சிறு கையேடாக அச்சாயின.

இந்தப் பதினொன்றையும் சற்று நின்று பார்ப்பது தகும். ஆட்டம் நடுவிலிருந்து தரையில் வைத்த பந்தை உதைத்துத் தொடங்க வேண்டும் என்கிறது முதல் விதி. தரையைத் தொடாமல் வரும் பந்தைக் கையால் பிடித்தவருக்குத் தடையின்றி ஓர் உதை உதைக்கும் உரிமை உண்டு என்கிறது மற்றொன்று. இன்றைய ஃப்ரீ கிக்கின் பழைய வடிவம் இது. எதிராளியைக் கையால் தள்ளலாம். ஆனால் காலால் அவர் காலை உதைப்பதும், இடறி விழச்செய்வதும், பிடித்து இழுப்பதும் எந்நிலையிலும் ஆகா. பந்தைக் கையால் தட்டலாம், ஆனால் ஏந்திக்கொண்டிருக்கக் கூடாது. தரையிலிருந்து எடுக்கவும் கூடாது. கோல் என்பது காலால் உதைத்தே பெறப்பட வேண்டும். பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால் அது செயலற்றதாகி, மீண்டும் உள்ளே எறியப்பட வேண்டும். கடைசி விதி மிக நடைமுறை சார்ந்தது: ஒவ்வோர் ஆட்டக்காரரும் சிவப்பு நிறத்தில் ஒன்றும் கருநீல நிறத்தில் ஒன்றுமாகக் கம்பளித் தொப்பி வைத்திருக்க வேண்டும், அன்றைய பிரிவுக்கேற்ப ஒரு நிறத்தை அணிய வேண்டும். ஒரே கழகத்தார் தமக்குள் பிரிந்து ஆடியபோது யார் எந்தப் பக்கம் என்று கண்டுகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

இவ்விதிகளில் இருப்பவற்றைப் போலவே இல்லாததும் குறிப்பிடத்தக்கது. ஆஃப்சைடு பற்றி, அதாவது பந்துக்கும் எதிரணியின் காப்பாளர்களுக்கும் முன்னால் சென்று காத்து நிற்கும் ஆட்டக்காரர் ஆட்டத்தில் சேர்த்தியில்லை என்னும் கட்டுப்பாடு பற்றி, ஒரு சொல்லும் இல்லை. எனவே ஒவ்வோர் அணியும் எதிரணியின் கோலருகிலேயே சிலரை நிறுத்தி வைத்தது. பந்து அவர்களை நோக்கி முன்னே அனுப்பப்பட்டது. பந்தைக் காலடியில் வைத்துக் கூட்டமாக முட்டி முன்னேறிய தென்பகுதிப் பள்ளிகளின் ஆட்டத்திலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. காலை உதைக்கும் வன்முறையை அறவே விலக்கியதும் ஷெஃபீல்டாரின் நோக்கைக் காட்டுகிறது. திங்கட்கிழமை நீதிமன்றத்துக்கோ அலுவலகத்துக்கோ செல்ல வேண்டியவர்கள் வகுத்த விதி இது. எலும்பு முறிவை ஆண்மையின் அடையாளமாகக் கொண்டாட அவர்களுக்கு வசதியில்லை. லண்டனில் 1863இல் ஃபுட்பால் அசோசியேஷன் (எஃப்ஏ) என்னும் சங்கம் தோன்றியபோது இதே காலுதை பற்றிய தகராறில்தான் பிளாக்ஹீத் கழகம் வெளியேறியது என்பதை நோக்கினால், ஷெஃபீல்டு அதை ஐந்தாண்டுக்கு முன்பே தீர்த்துவிட்டிருந்தது புலப்படும்.

1860இல் நகரின் மேற்குப்புறக் குன்றுப்பகுதியில் ஹாலம் என்ற இரண்டாவது கழகம் தோன்ற, அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸ் மறுநாள், ஹாலமின் சாண்டிகேட் மைதானத்தில் இரு கழகங்களும் மோதின. உலகில் இரு கழகங்களுக்கிடையே நடந்த முதல் கால்பந்து ஆட்டம் இதுவே என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். வெண்பனி படிந்த அந்தக் களத்தில் ஷெஃபீல்டார் செந்நிறமும் வெள்ளையும் கலந்த உடையிலும் ஹாலம்காரர்களில் பெரும்பாலோர் நீல உடையிலும் இறங்கினர். ஷெஃபீல்டுக்கு 16 பேரும் எதிரணிக்கு 20 பேருமாக ஆள் எண்ணிக்கையே சமமாக இல்லை. எண்ணிக்கையில் குறைந்திருந்தும் ஷெஃபீல்டு 2-0 என வென்றது. சாண்டிகேட்டில் ஹாலம் கழகம் இன்றும் ஆடுகிறது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்ற சிறப்பு அதற்கு உண்டு.

இரு ஆண்டுகளுக்குப் பின், 1862 டிசம்பர் 29 அன்று பிரமால் லேனில் இவ்விரு கழகங்களும் ஆடிய ஆட்டம் வேறொரு வகையில் நினைவுக்குரியது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று, அண்டை மாநிலமான லங்காஷயரின் நூற்பாலைகள் மூடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியில் வாடிய காலம் அது. ஆட்டத்தின் வருவாய் அவர்களுக்கான துயர்துடைப்பு நிதிக்கு ஒதுக்கப்பட்டது. அதே போர்தான் திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்திக்கு முன்பு காணாத விலையைத் தந்து, அப்பகுதி வணிகர்களையும் விவசாயிகளையும் சில ஆண்டுகள் செழிக்க வைத்தது என்பதைத் தமிழ் வாசகர் இங்கே இணைத்து எண்ணிக்கொள்ளலாம். அறத்துக்காகக் கூடிய அந்த ஆட்டத்தில் ஹாலம் அணியின் வாட்டர்ஃபால் என்பவர் கிரெஸ்விக்கைப் பலமுறை தாக்க, பார்வையாளர்களும் களத்தில் புக, பெரும் கைகலப்பு மூண்டது. பெரியவர்கள் தலையிட்டு அமைதிப்படுத்திய பின், வாட்டர்ஃபால் தண்டனையாகக் கோலைக் காக்க அனுப்பப்பட்டார். நடுவர் ஒருவர் விசில் ஊதி அட்டை காட்டும் முறை பிறவாத அக்காலத்தில் ஒழுங்கை நிலைநாட்டும் பொறுப்பு ஆடுவோரிடமே இருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் ஷெஃபீல்டின் பொற்காலம். நகரத்தில் புதிய கழகங்கள் தோன்றத் தோன்ற, அவை அனைத்தும் ஷெஃபீல்டு கழகத்தின் விதிகளையே தழுவின. அவ்விதிகளும் அனுபவத்தால் திருத்தப்பட்டுக்கொண்டே வந்தன. 'ரூஜ்' என்னும் துணைப்புள்ளி முறை 1860களின் தொடக்கத்தில் புகுந்தது: கோல்கம்பங்களுக்கு இருபுறமும் நான்கு கஜத் தொலைவில் கொடிகள் நாட்டப்பட்டு, அவற்றுக்கிடையே சென்ற பந்தை ஓடிச்சென்று தொட்டவரின் அணிக்கு ஒரு ரூஜ் கிடைக்கும், கோல்கள் சமமானால் ரூஜ் எண்ணிக்கை வெற்றியை முடிவுசெய்யும். நாடக அரங்க உரிமையாளர் தாமஸ் யூடன் 1867இல் பரிசளித்த கோப்பையை ஹாலம் கழகம் வென்றது ரூஜ்களின் பலத்தில்தான். அடுத்த ஆண்டே அம்முறை கைவிடப்பட்டது. நிலைத்து நின்றவை பல. பந்து கோல்கோட்டைத் தாண்டினால் மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் கிக்கை 1872இல் லண்டன் சங்கம் ஷெஃபீல்டிடமிருந்து ஏற்றது. கோல்கம்பங்களை இணைக்கும் உறுதியான மேல்சட்டம், தவறிழைத்த அணிக்கு எதிராகத் தரப்படும் ஃப்ரீ கிக் ஆகியவையும் ஷெஃபீல்டு வழக்கிலேயே முதலில் வேரூன்றின.

லண்டனோடு ஷெஃபீல்டு கொண்ட உறவு இக்காலத்தில் போட்டியும் ஒத்துழைப்பும் கலந்ததாக இருந்தது. 1863இலேயே லண்டன் சங்கத்தில் சேர்ந்த ஷெஃபீல்டு கழகம், தன் செயலாளர் வில்லியம் செஸ்டர்மன் வாயிலாக அச்சங்கத்துக்குக் கடிதங்கள் எழுதித் தன் கருத்தைச் சொல்லிவந்தது. அவர் முன்மொழிந்ததன் பேரில் 1866 மார்ச் 31 அன்று லண்டனின் பேட்டர்சீ பூங்காவில் இரு நகர அணிகளும் ஆடின, லண்டன் வென்றது. பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 4.30க்கு முடிப்பதென்று அந்த ஆட்டத்துக்கு வகுக்கப்பட்ட 90 நிமிட எல்லையே இன்று உலகெங்கும் வழங்குகிறது. லண்டன் சங்கம் உறுப்பினர் குறைந்து கலைந்துவிடும் நிலையை அடைந்த 1867இல் ஷெஃபீல்டின் ஆதரவு அதற்குக் கிடைத்தது. அவ்வாண்டே ஷெஃபீல்டு கழகங்கள் தமக்கெனத் தனிச் சங்கத்தையும் அமைத்துக்கொண்டன. பத்தாண்டுகள் இரு விதிநூல்களும் இணையாக வழங்கின. 1877இல், பக்கக்கோட்டிலிருந்து பந்தை எத்திசையிலும் எறியலாம் என்ற சமரசத்தை லண்டன் ஏற்றதும், ஷெஃபீல்டு தன் விதிநூலை விட்டுப் பொதுவிதியில் இணைந்தது. தன் பெயரால் வழங்கிய நூலைப் பொதுநலன் கருதிக் கைவிட்ட அந்த முடிவு, அதன் எல்லா வெற்றிகளையும்விடப் பெரியது என்றே கொள்ள வேண்டும். ஒரே விதி இல்லாமல் ஒரு நாட்டு ஆட்டமே உருவாகியிருக்காது, உலக ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இதற்கிடையே லண்டன் சங்கம் நடத்திய எஃப்ஏ கோப்பையில் ஷெஃபீல்டு 1873-74இல் முதன்முறை பங்கேற்று, ஷ்ராப்ஷயர் வாண்டரர்ஸ் கழகத்துடன் இருமுறை கோலின்றிச் சமநிலை கண்டு, நாணயம் சுண்டி வென்றது. அக்கோப்பையின் வரலாற்றில் நாணயத்தால் முடிவான ஆட்டம் இது ஒன்றே.

பொதுவிதி வந்த அதே ஆண்டுகளில் ஆட்டத்தின் பொருளாதாரம் மாறத் தொடங்கியது. சனிக்கிழமைப் பிற்பகல் விடுமுறை பெற்ற தொழிலாளர்கள் காசு கொடுத்து ஆட்டம் பார்க்க வந்தனர். 1878 அக்டோபர் 14 அன்று பிரமால் லேனில் மின்விளக்கொளியில் நடத்தப்பட்ட, உலகின் முதல் இரவு ஆட்டம் எனப்படும் காட்சி ஆட்டத்துக்குப் பல்லாயிரவர் திரண்டனர். நுழைவுக் கட்டணம் சேர்ந்த இடத்தில் நல்ல ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து வரவழைக்கும் ஆசையும் சேர்ந்தது. தி வென்ஸ்டே என்னும் ஷெஃபீல்டுக் கழகத்துக்காக ஆட ஸ்காட்லாந்திலிருந்து 1876இல் வந்த ஜேம்ஸ் லாங் என்பவருக்குக் கத்திப் பட்டறையொன்றில் பெயரளவில் ஒரு வேலை தரப்பட்டது. கால்பந்தில் ஊதியத்துக்கு ஆடிய முதல்வர்களுள் ஒருவராக அவர் எண்ணப்படுகிறார். ஒளிவு மறைவாக நடந்த இவ்வழக்கத்தை 1885 ஜூலையில் சங்கம் சட்டபூர்வமாக்கியது. தி வென்ஸ்டே 1887இல் ஊதியமுறைக்கு மாறியது. பிரமால் லேன் மைதானத்தை நிர்வகித்தவர்களே 1889இல் ஷெஃபீல்டு யுனைடெட் கழகத்தைத் தொடங்கினர். இவ்விரண்டும் ஃபுட்பால் லீக்கில் சேர்ந்து நகரத்தின் பார்வையாளர்களைத் தம்வசமாக்கிக்கொண்டன.

ஷெஃபீல்டு கழகம் ஊதியமுறையை ஏற்கவில்லை. ஆட்டம் இன்பத்துக்கானது, பிழைப்புக்கானதன்று என்னும் அமெச்சூர் கொள்கையில் அது உறுதியாக நின்றது. இக்கொள்கையைத் தூய இலட்சியமாக மட்டும் போற்றுவது முழு உண்மையாகாது. கழகத்தின் தொடக்ககால உறுப்பினர்கள் கல்லூரிப்பள்ளியின் முன்னாள் மாணவர்களும் ஆலைக்குடும்பத்தினரும் ஆவர். சம்பளம் பெறாமல் ஆட அவர்களால் இயன்றது, கத்தி தீட்டும் தொழிலாளியால் இயலாது. ஆட்டத்துக்காக ஒரு நாள் வேலையை விட்டவர் அந்நாள் கூலியையும் இழப்பார் என்ற உண்மையை அமெச்சூர் கொள்கையினர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. ஊதியமுறை தொழிலாளர்களுக்கு ஆட்டத்தைத் திறந்துவிட்டது என்பதையும், அதனால்தான் கால்பந்து மக்களுடைய ஆட்டமாயிற்று என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் ஷெஃபீல்டு கழகம் தன் நிலைப்பாட்டுக்கான விலையைத் தானே கொடுத்தது. வேறொருவர் மீது சுமத்தவில்லை. ஊதியம் பெற்ற அணிகளிடம் தொடர்ந்து தோற்றபோதும், பார்வையாளர்கள் குறைந்தபோதும், அது கலையவில்லை. அதே காலத்தில் தோன்றிய எத்தனையோ அமெச்சூர் கழகங்கள் பெயர்கூட எஞ்சாமல் மறைந்தன.

அமெச்சூர் கழகங்களுக்கென்று தனிக் கோப்பை ஒன்று வேண்டும் என்று சங்கத்திடம் வற்புறுத்தியவர்களுள் ஷெஃபீல்டாரும் இருந்தனர். 1893-94இல் எஃப்ஏ அமெச்சூர் கோப்பை தொடங்கப்பட்டது. 1904இல் பிராட்ஃபர்டு நகரின் வேலி பரேட் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஈலிங் அணியை 3-1 என வென்று ஷெஃபீல்டு அக்கோப்பையைக் கைப்பற்றியது. கழகத்தின் நெடிய வரலாற்றில் நாட்டளவிலான கோப்பை இது ஒன்றுதான்.

இதற்குப் பின் வரும் பல பத்தாண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். உள்ளூர் லீக்குகளில் ஆடிவந்த கழகம் 1949இல் யார்க்ஷயர் லீக்கில் சேர்ந்தது. 1982இல் அந்த லீக் வேறொரு லீக்குடன் இணைந்து நார்தர்ன் கவுண்டீஸ் ஈஸ்ட் லீக் ஆனபோது கழகம் அதன் தொடக்க உறுப்பினராயிற்று. சிறு கழகங்களுக்காக 1974இல் எஃப்ஏ வேஸ் என்னும் கோப்பை ஏற்படுத்தப்பட்டபின், 1977இல் ஷெஃபீல்டு அதன் இறுதியாட்டம் வரை முன்னேறி, லண்டனின் வெம்பிளி அரங்கில் பில்லரிக்கே டவுனுடன் 1-1 எனச் சமநிலை கண்டு, நாட்டிங்ஹாமில் நடந்த மறு ஆட்டத்தில் 2-1 எனத் தோற்றது.

இந்தப் பல பத்தாண்டுகளை நிறைத்திருப்பது ஆட்ட முடிவுகளைவிட இடமாற்றங்களே. கழகம் பிறந்த ஸ்ட்ராபெரி ஹால் லேன் வயல் நகரம் விரிய விரிய நிலைக்கவில்லை. அதன்பின் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுப்பதும், உரிமையாளரின் தேவை மாறும்போது வெளியேறுவதும், மற்றொன்றைத் தேடுவதும் கழகத்தின் வழக்கமாயின. 1921 முதல் நகரின் தென்மேற்கிலுள்ள அபிடேல் பூங்காவில் நீண்டகாலம் ஆடியது; பின்னர் ஹில்ஸ்பரோ பூங்கா, ஓவ்லர்ட்டன் நாயோட்ட அரங்கம், 1990களில் டான் வேலி தடகள அரங்கம் என்று மாறிக்கொண்டே இருந்தது. 25,000 இருக்கைகள் கொண்ட டான் வேலி அரங்கத்தில் சில நூறு பேர் முன்னிலையில் ஆடிய பருவங்கள் கழகத்தின் நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றன: பெயருக்குத்தக்க பெரிய இடம் கிடைத்தபோது அதை நிரப்ப ஆள் இல்லை, ஆளுக்குத்தக்க சிறிய இடம் சொந்தமாக இருந்ததில்லை. நிலம் இல்லாத கழகத்துக்கு நுழைவுக் கட்டணத்தைத் தவிர வருவாய் இல்லை. வருவாய் இல்லாததால் நிலம் வாங்கவும் வழியில்லை. சிறு கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் கோப்பைகளின் பட்டியலுக்கு முன் நிலப் பத்திரங்களைத் தேட வேண்டும் என்பதற்கு ஷெஃபீல்டு நல்ல எடுத்துக்காட்டு.

2001இல்தான் கழகம் சொந்த மைதானம் ஒன்றைப் பெற்றது. அதுவும் ஷெஃபீல்டில் இல்லை. நகருக்குத் தெற்கே, டார்பிஷயர் மாநிலத்துக்குட்பட்ட டிரான்ஃபீல்டு என்னும் சிற்றூரில், கோச் அண்ட் ஹார்சஸ் என்ற பழைய மதுவிடுதியை ஒட்டிய மைதானம் அது. இங்கிலாந்துச் சிறு கழகங்களில் இத்தகைய விடுதி உணவும் பானமும் விற்கும் இடம் மட்டுமன்று. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஆட்டக்காரர்களும் ஊராரும் கூடும் கூடமும், கழகத்தின் வாராந்தர வருவாய்க்கு வழியும் அதுவே. இந்த மைதானத்தில் ஆடத் தொடங்கிய பின் கழகத்தின் நிலை சீரடைந்து, 2007இல் நாட்டு அடுக்குமுறையின் எட்டாம் அடுக்கிலுள்ள நார்தர்ன் பிரீமியர் லீக் பிரிவுக்கு உயர்ந்தது. கழகத்தின் பெண்கள் அணி ஒருபடி மேலே சென்று 2016இல் நாட்டின் இரண்டாம் நிலைப் பிரிவை எட்டியது. ஆனால் அந்நிலைக்கு வேண்டிய பணத்தைத் திரட்ட இயலாமல் 2018இல் விலக நேர்ந்தது.

உலகத்தின் மதிப்பும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. ஃபிஃபா தன் நூற்றாண்டை ஒட்டி 2004இல் வழங்கிய சிறப்பு விருதைப் பெற்ற கழகங்கள் இரண்டே: ஒன்று ஸ்பெயினின் ரியல் மாட்ரிட், மற்றொன்று ஷெஃபீல்டு. 2007 நவம்பரில் 150ஆம் ஆண்டு விழாவுக்காகப் பிரமால் லேனில் இத்தாலியின் இன்டர் மிலான் அணி வந்து ஆடி 5-2 என வென்றது. பிரேசிலின் பெலே சிறப்பு விருந்தினராக வந்து, இக்கழகம் இல்லாவிட்டால் தம்மைப் போன்றோர் ஆடிய ஆட்டமே இல்லை என்னும் பொருள்பட மதிப்புத் தெரிவித்தார்.

ஆனால் பாராட்டால் மைதானம் கட்ட முடியாது. 2011 ஜூலை 14 அன்று லண்டனின் சதபீஸ் ஏல நிறுவனத்தில் கழகம் தன் ஆவணத் தொகுப்பை விற்றது. 1858இன் கையெழுத்து விதிகளும், 1859இல் அச்சான விதிக்கையேட்டில் எஞ்சியுள்ள ஒரே படியும், பழைய கூட்டக் குறிப்பேடுகளும் அடங்கிய அத்தொகுப்பு 8,81,250 பவுண்டுக்குப் போனது. வாங்கியவர் பெயர் வெளியிடப்படவில்லை. அத்தொகையைக் கொண்டு கழகத்தின் எதிர்காலத்துக்கு வழிசெய்வதே நோக்கம் என்று நிர்வாகத்தினர் விளக்கினர். அவர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. பெட்டியில் பூட்டிய தாள்களைக் காப்பதா, வாரந்தோறும் களமிறங்கும் இளைஞர் அணிகளைக் காப்பதா என்ற நிலை வந்தபோது அவர்கள் உயிருள்ளதைத் தேர்ந்தனர். குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு நகரம், ஒரு நாட்டுச் சங்கம், கோடிகளில் புரளும் ஒரு லீக் ஆகிய மூன்றும் இருந்தும், தம் ஆட்டத்தின் முதல் எழுத்துகளை ஒரு பொது அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்க அவற்றுள் எதுவும் முன்வராமல் போனது இங்கிலாந்துக் கால்பந்துக்கு நேர்ந்த இழுக்கு.

கழகத்தை மீண்டும் ஷெஃபீல்டு எல்லைக்குள் கொண்டுவரும் திட்டங்கள் பலமுறை எழுந்துள்ளன. ஸ்ட்ராபெரி ஹால் லேன் பகுதிக்கே திரும்பலாம் என்ற எண்ணமும், நகரின் தென்விளிம்பிலுள்ள மெடோஹெட்டில் புதிய அரங்கம் அமைக்கும் முயற்சியும் அவற்றுள் அடங்கும். இத்திட்டங்களுக்குத் தேவைப்படும் தொகை பிரீமியர் லீக்கின் ஒரு நடுத்தர ஆட்டக்காரரை வாங்கும் விலைக்கு மேல் செல்லாது. ஷெஃபீல்டு கழகத்திடம் பெற்ற விதிகளைக் கொண்டு செல்வம் திரட்டிய லீக்கும், அவ்விதிகளால் உலகப்பெயர் பெற்ற சங்கமும் அத்தொகையைத் தந்து அந்நகருக்குள் அதற்கு நிலையான ஒரு மைதானத்தை அமைத்துக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளன. அதை உதவி என்று கருதாமல் 1877 முதல் தீர்க்கப்படாத கடன் என்று கருதிச் செய்ய வேண்டும்.